எஸ்.ஏ.டி. மதிப்பெண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம்?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். காரைக்குடியில் எங்களுடன் இருக்கும் என் அண்ணன் மகன், அமெரிக்காவில் பொறியியல் படிக்கும் எண்ணத்தில், அங்குள்ள கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வை எழுதி, 1600-க்கு 1190 வாங்கியிருக்கிறான். பள்ளியில் கணக்கில் அவன்தான் முதல். மதிப்பெண் வந்ததிலிருந்து, தன் மூளை இவ்வளவுதான் என்று வீட்டு வளவு (உள்முற்றம்) தூணோரம் உட்கார்ந்துவிடுகிறான்.

அவன் பயிற்சித் தேர்வு எழுதியபோது பக்கத்தில் இருந்து பார்த்தேன். கணிதத்தில் 44 கேள்விகளுக்கு 70 நிமிடம். அவனோ போட்ட கணக்கையே வேறு வழியில் மறுபடியும் சரிபார்த்துக்கொண்டிருந்து, கடைசி நான்கைந்து கேள்விகளைத் தொடாமலே விட்டான். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கமாட்டார்கள் என்று சொன்னதற்கு, "தெரியாததை எப்படிக் குறிப்பது, சித்தப்பா?" என்றான். (அவனுடைய ஐயாவும் பேரேட்டை இப்படித்தான் பார்ப்பார்.) இது அறிவுக் குறைவா, வேகக் குறைவா?

1926-இல் இத்தேர்வு தொடங்கியபோது 'இயல்திறன்' என்பது பெயரிலேயே இருந்தது. பிற்பாடு அதை நீக்கிவிட்டார்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகம் சேர்க்கையில் இம்மதிப்பெண்ணைப் பார்ப்பதையே கைவிட்டது; அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி.யோ, தன் கணிதப் பாடங்களுக்கு மாணவர் ஆயத்தமா என்று கணிக்க உதவுவதாகக் கூறி, 2022-இல் மீண்டும் கட்டாயமாக்கியது. பள்ளி மதிப்பெண்ணையும் சேர்த்துப் பார்ப்பதே எனக்கு நியாயமாகப் படுகிறது.

அங்கே படித்தவர்களும் கல்லூரியில் பாடம் நடத்துபவர்களும் கூறுங்கள்: குறைந்த மதிப்பெண்ணுடன் சேர்ந்து நன்றாகப் படித்தவர்களைக் கண்டதுண்டா? மறுபடியும் எழுத வைப்பதா, மதிப்பெண் கேட்காத கல்லூரிகளுக்கு விண்ணப்பிப்பதா? அண்ணன் மலேசியாவிலிருந்து வெள்ளிக்கிழமை அழைப்பார். அதற்குள் தெரிந்தால் நன்று.