சொற்பட்டியலை நெட்டுரு போட்டால் ஆங்கிலம் வந்துவிடுமா?

கலங்கரை:
கடினமான ஆங்கிலச் சொற்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வது வீண் வேலை என்பது என் கட்சி. தேர்வு நடத்துகிறவர்களே அதிலிருந்து விலகிவிட்டார்கள். மேற்படிப்புக்கான ஜிஆர்இ தேர்வு 2011-லேயே எதிர்ச்சொல், ஒப்புமைக் கேள்விகளைத் தூக்கிவிட்டது, அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி 2016-ல் வாக்கியத்தில் சொல் நிரப்பும் பகுதியை எடுத்துவிட்டது. ஆனாலும் ‘ஒரே மாதத்தில் ஆயிரம் அட்வான்ஸ்டு வார்த்தைகள்’ மாதிரி பிடிஎஃப்கள் மட்டும் ஓய்ந்தபாடில்லை. பட்டியலும் வேண்டாம், ஒரு பக்கம் சொல், மறுபக்கம் பொருள் எழுதிய ஃபிளாஷ் கார்டும் வேண்டாம். படியுங்கள், தானாக வரும்.

நூலாம்படை:
தானாக எங்கே வருகிறது? சொல்வளம் பற்றி ஆராய்ந்த பால் நேஷன் 2006-ல் ஒரு கணக்குப் போட்டார். ஒரு நாவலையோ செய்தித்தாளையோ பிறர் உதவி இல்லாமல் படிக்க வேண்டுமென்றால் 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதன் திரிபுகளும் சேர்ந்தது ஒரு குடும்பம்) தெரிந்திருக்க வேண்டும், அதாவது நூற்றுக்கு 98 சொல் புரிய வேண்டும். 300 சொல் உள்ள ஒரு பக்கத்தில் ஆறு சொல் மட்டும் தெரியாமல் இருக்கலாம், அதற்கு மேல் போனால் தடுமாற்றம்தான். அரிய சொல் ஒரு புத்தகத்தில் ஒரே ஒரு முறை வந்துவிட்டுப் போகும், மறுபடி கண்ணில் படுவதற்குள் முதலில் பார்த்ததே மறந்திருக்கும். அந்த இடைவெளிக்குத்தான் கார்டு. ‘படியுங்கள், வரும்’ என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே சரளமாகப் படிக்கிறவர்கள்.

கலங்கரை:
சரி, கற்றுக்கொண்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். கற்றதைச் சும்மா வைத்திருப்பார்களா? ‘யூஸ்’ போதும் என்ற இடத்தில் ‘யூட்டிலைஸ்’, ‘மெனி’ இருக்க வேண்டிய இடத்தில் ‘பிளெதரா’. டேனியல் ஓப்பன்ஹைமர் என்ற உளவியலாளர் இதைச் சோதித்தே பார்த்தார். தேவையில்லாமல் நீளச் சொற்களைப் போட்டு எழுதியவரை வாசகர்கள் புத்தி குறைந்தவராகத்தான் எடைபோட்டார்கள். 2006-ல் அதற்கு, முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசுகூடக் கிடைத்தது. (அந்தக் கட்டுரைக்கு வேண்டுமென்றே வாயில் நுழையாத தலைப்பாக வைத்திருப்பார், தேடிப் பாருங்கள்.)

நூலாம்படை:
தலைப்போடு நிறுத்திவிட்டீர்களா? அவர் செய்தது, எளிய சொற்களை எடுத்துவிட்டுத் தெசாரஸ் என்ற ஒருபொருட்சொல் அகராதியிலிருந்து நீளமான சொற்களைக் கொண்டுவந்து மாட்டியது. ‘தேவையில்லாமல்’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், விஷயமே அதில்தான் இருக்கிறது. ஒரு சொல்லைப் பார்த்ததும் புரிவது வேறு, அதை எடுத்து எல்லார் முகத்திலும் வீசுவது வேறு.

மைக்கூடு:
இடையில் நுழைகிறேன், மன்னிக்கவும். பட்டியலின் கோளாறே, ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று ஜோடி கட்டிவிடுவது. வேர்ச்சொல் முறை ஓரளவு கைகொடுக்கும், ‘பெனவலன்ட்’ (நல்லெண்ணம் உள்ள) தெரிந்தவருக்கு ‘மலெவலன்ட்’ (கெட்ட எண்ணம் உள்ள) எளிது. ஆனால் அதே தைரியத்தில் போனால் ‘நாய்ஸம்’ என்றதும் சத்தம் என்று நினைப்பீர்கள், அது துர்நாற்றம். ‘எனர்வேட்’ எனர்ஜியின் பங்காளி போல இருக்கும், ஆளைத் துவண்டுபோகச் செய்வது என்று பொருள். ‘ரெஸ்டிவ்’ ஓய்வு இல்லை, இருப்புக்கொள்ளாமை. அப்புறம் உச்சரிப்பு. ‘ஹைபர்போல்’ இல்லை, ‘ஹைபர்பலி’. ‘எபிடோம்’ இல்லை, ‘எபிட்டமி’. வாசித்தே கற்றவர்தான் இதில் அதிகம் மாட்டுவார், காதால் கேட்டிருக்க மாட்டார். இது கலங்கரைக்கும் சேர்த்துத்தான்.

விடாக்கண்டன்:
எனக்கு எரிச்சல் தருவது இந்த இரவல் சொற்கள். ‘ஆன்வீ’ (சலிப்பு), ‘ஸைட்கைஸ்ட்’ (காலத்தின் மனப்போக்கு), ‘ஷாடன்ஃபிராய்ட’ (பிறர் துன்பத்தில் மகிழ்வது). சலிப்புக்கு ‘போர்டம்’ இருக்கும்போது ‘ஆன்வீ’ என்பது பந்தா தவிர வேறென்ன?

நூலாம்படை:
இரவல் என்று ஒதுக்க ஆரம்பித்தால் ஆங்கிலத்தில் மிஞ்சுவது கொஞ்சம்தான். 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சு வெள்ளமாக உள்ளே வந்தது. கொட்டிலில் நிற்கும் மாடு ‘கவ்’, தட்டுக்கு வந்தால் ‘பீஃப்’. முதலாவது பழைய ஆங்கிலம், இரண்டாவது பிரெஞ்சு. ‘கட்டமரான்’, ‘செரூட்’ நம் கட்டுமரமும் சுருட்டும்தான். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது வருவது ‘போர்டம்’. எல்லாம் இருந்தும் எதிலும் பிடிப்பில்லாமல் போகிறதே, அது ‘ஆன்வீ’.

இலக்கியச் சொற்களில் நீங்கள் சொல்லும் பந்தா நடக்கிறது, மறுக்கவில்லை. வரிசை நீளமாக இருந்தாலே, எழுத்தாளர் கஃப்காவின் கதைபோல என்று பொருள்படும் ‘கஃப்காயெஸ்க்’ என்கிறார்கள். என்ன குற்றம், யார் சாட்டினார் என்றே தெரியாமல் ஓர் ஆளை விதிகளுக்குள் சுற்றவிடும்போதுதான் அந்தச் சொல்லுக்கு வேலை. ‘ஹியூப்ரிஸ்’ஸும் அப்படி, வெறும் திமிர் இல்லை, கிரேக்க நாடகத்தில் ஒருவனை வீழ்ச்சிவரை இழுத்துப்போகும் ஆணவம். நாடகத்தைப் படிக்காதவருக்கு அந்த எடை பிடிபடாது.

கலங்கரை:
அதாவது பட்டியலில் படித்தால் வராது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். பிறகு எதற்கு கார்டு?

நூலாம்படை:
என் கார்டில் சொல்லும் பொருளும் இருக்காது. அதைப் பார்த்த வாக்கியத்தை அப்படியே எழுதி, அந்தச் சொல் இருந்த இடத்தைக் காலியாக விடுவேன். ஆன்கி என்ற ஃபிளாஷ் கார்டு செயலியில் இதற்கென்றே ‘குளோஸ்’ என்று ஒரு வகை உண்டு. நான் எங்கேயும் வாசிக்காத சொல்லுக்குக் கார்டே கிடையாது.

மைக்கூடு:
ஒலிப்பதிவையும் அதிலேயே சேர்க்கலாம். சேருங்கள்.

கலங்கரை:
இதைப் பட்டியல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பிடிஎஃப் விற்கிறவர்களிடம் போய் இதே வாதத்தைச் செய்யுங்கள், என்ன பதில் வருகிறது பார்ப்போம்.