குறை 3-4-3 அமைப்பிலா, ஆட்டக்காரர்களிடமா?

நடுக்களத்தான்:
மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து அணி இங்கிலாந்து பிரீமியர் லீகின் 2024-25 பருவத்தை 42 புள்ளிகளோடு 15ஆம் இடத்தில் முடித்ததற்கும் பயிற்சியாளர் ரூபென் அமோரிமின் 3-4-3 அமைப்புக்கும் (தற்காப்பில் மூவர், நடு வரிசையில் நால்வர், முன்களத்தில் மூவர்) தொடர்பே இல்லை, ஆட்டக்காரர்களின் தரம்தான் காரணம் என்று செம்பரிதி எழுதியதைப் படித்துவிட்டு வாளாவிருக்க முடியவில்லை. 2024 டிசம்பர் 30 அன்று ஓல்ட் டிராஃபோர்டில் நியூகாசிலுடன் நடந்த ஆட்டத்தை அவர் பார்த்தாரா, மறுநாள் முடிவை மட்டும் படித்தாரா என்பது எனக்கு ஐயமாக இருக்கிறது. கிமாரேஸ், டோனாலி, ஜோலிண்டன் என நியூகாசிலின் மூவர் ஆளும் நடுக்களத்தில் கசெமிரோவையும் எரிக்சனையும் மட்டும் நிறுத்தி, 19 நிமிடங்களுக்குள் இரண்டு கோல்களை வாங்கிய பிறகு, 33ஆம் நிமிடத்தில் முன்கள வீரர் சிர்க்சேயை வெளியே அழைத்து நடுக்கள வீரர் மைனூவை உள்ளே அனுப்பியவர் யார்? தன் அமைப்பில் நடுவே ஆள் போதவில்லை என்பதைப் பயிற்சியாளரே செயலால் ஒப்புக்கொண்ட பின்பும் அவருக்கு வக்கீல் எதற்கு?

செம்பரிதி:
புருனோ ஃபெர்னாண்டஸும் உகார்ட்டேயும் அன்று தடையில் இருந்தார்கள் என்பதை எவ்வளவு நயமாக மறைத்துவிட்டீர்கள்! முதன்மையான இருவர் இல்லாத நாளை எடுத்து ஓர் அமைப்புக்குத் தீர்ப்பு எழுதுவது உங்களுக்கு மட்டுமே கைவந்த கலை. ஐசக் அடித்ததும் ஜோலிண்டன் அடித்ததும் ஓரத்திலிருந்து வந்த கிராஸ்களைத் தலையால் முட்டிய கோல்கள். அவற்றில் நடுக்களம் எங்கே வந்தது? ஆறு நாள் கழித்து, அந்தப் பருவத்தில் பட்டம் வென்ற லிவர்பூலை ஆன்ஃபீல்டிலேயே இதே அமைப்பில், உகார்ட்டேயையும் மைனூவையும் நடுவில் நிறுத்தி, 2-2 என்று தடுத்தார்களே, அது உங்கள் கண்ணில் படவில்லையா?

நடுக்களத்தான்:
நடுவில் ஆள் குறையும்போது விங் பேக் (நடு வரிசையின் ஓரத்தில் ஆடுபவர்) உள்நோக்கி இழுக்கப்படுவார், ஓரம் திறந்துகொள்ளும், கிராஸ் வரும், இதைக்கூட விளக்கவேண்டியிருக்கிறது. தடையில் இருந்தவர்களைப் பற்றிப் பேசுகிறீர்களே, அவர்கள் இல்லாத நாளில் அமைப்பை மாற்றிக் களமிறக்க வேண்டியது யாருடைய பொறுப்பு? ஆட்டம் தொடங்கும் முன்பு எடுக்கவேண்டிய முடிவை 33ஆம் நிமிடத்தில் ஏன் எடுத்தார் என்பதுதான் என் கேள்வி, அதற்கு ஆன்ஃபீல்டு விடையாகாது.

ஓரக்காவலர்:
இருவரும் நடுக்களத்தையே சுற்றிச்சுற்றி வருகிறீர்கள். இந்த அமைப்பின் உயிர் விங் பேக்குகளிடம் இருக்கிறது. 2025 பிப்ரவரி தொடக்கத்தில் இடப்பக்க விங் பேக் டோர்கு வந்து சேரும்வரை, வலது காலால் ஆடும் டாலோ இடப்பக்கத்தில் ஓடி, எல்லைக்கோடுவரை போகாமல் ஒவ்வொரு முறையும் உள்ளே திரும்பிப் பந்தை வலது காலுக்கு மாற்றிக்கொண்டிருந்தார். எதிரணித் தற்காப்பு நிலைகொள்ள அந்த ஒரு நொடி போதும். இதைப் பற்றி யாராவது பேசுவீர்களா?

வைகறை:
கிரிஸ்டல் பேலஸை ஏன் எல்லாரும் மறந்துவிட்டீர்கள்? 2024 பிப்ரவரியில், பருவத்தின் நடுவில் அங்கே பயிற்சியாளராக வந்த கிளாஸ்னர் மூவர் தற்காப்பைக் கொண்டுவந்து, அந்த மே மாதமே யுனைடெட்டை 4-0 என்று வீழ்த்தினார். மறு ஆண்டு எஃப்ஏ கோப்பையையும் வென்றார். பருவத்தின் நடுவில் வந்தவர் என்ற சலுகை அமோரிமுக்கு மட்டும் ஏன்? மேலும், அமைப்பு என்பது வேறு, பந்து கையை விட்டுப் போனதும் அணி எப்படி நெருக்குகிறது என்பது வேறு. நீங்கள் எதைப் பற்றி வாதிடுகிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள்.

செம்பரிதி:
வைகறைக்கு நன்றி, என் வாதத்தை நீங்களே முடித்துவைத்தீர்கள். 2025 பிப்ரவரியில் அதே பேலஸ் ஓல்ட் டிராஃபோர்டில் 2-0 என்று வென்றபோது இரு அணிகளும் ஏறத்தாழ ஒரே அமைப்பில் ஆடின. நடுவில் இருவருக்கு இருவர்தான். அங்கே ஆள் குறைவு எங்கிருந்து வந்தது? அமைப்பு ஒன்றாக இருக்கும்போது, வேறுபாடு அதில் ஆடுபவர்களிடம்தானே இருக்கவேண்டும்? அமோரிமுக்கு முன்பிருந்த பயிற்சியாளர் டென் ஹாக் நீக்கப்பட்டதும் விடிவுகாலம் வந்துவிட்டது என்று முதல் ஆளாக எழுதியவர் நடுக்களத்தான் என்பதையும் இங்கே நினைவூட்டுகிறேன்.

நடுக்களத்தான்:
டென் ஹாக்கைப் பற்றி நான் எழுதியதை இங்கே இழுப்பது, சொல்ல வேறொன்றும் இல்லாதவர் செய்யும் வேலை. பேலஸ் ஆட்டத்தையே பார்ப்போம்: நடுக்களத்தில் ஆள் தேவை என்று 33ஆம் நிமிடத்தில் ஓடிவந்து இறக்கப்பட்ட அதே மைனூவை, அந்த ஆட்டத்தில் முன்கள வீரராக நிறுத்தியவரும் இந்த மேதைதான். கற்றுக்கொண்டவர் செய்யும் காரியமா இது? 2016 செப்டம்பர் 24 அன்று ஆர்சனலிடம் 3-0 என்று தோற்றுக்கொண்டிருந்தபோதே பயிற்சியாளர் கோன்டே செல்சியின் அமைப்பை மாற்றினார், தொடர்ந்து 13 ஆட்டங்களை வென்றார், 93 புள்ளிகளோடு பட்டமும் வாங்கினார். பிடிவாதம் வேறு, பயிற்சி வேறு.

செம்பரிதி:
கோன்டே எந்த அமைப்புக்கு மாறினார் என்பதை மட்டும் வசதியாக விட்டுவிட்டீர்கள். 3-4-3, ஐயா! நீங்கள் காலையிலிருந்து கரித்துக்கொட்டும் அதே 3-4-3!

நடுக்களத்தான்:
அந்தச் செல்சியின் நடுவில் நின்ற ஆட்டக்காரர்கள் கான்டேயும் மாட்டிச்சும் ஆவர். கான்டே ஒருவரே இருவர் ஓடவேண்டிய தூரத்தை ஓடினார். கசெமிரோவும் எரிக்சனும் அப்படி ஓடுவார்கள் என்று உங்களுக்கு யார் சொன்னது?

செம்பரிதி:
ஆக, ஆட்டக்காரர்களின் தரம்தான் காரணம் என்கிறீர்கள். நான் தொடக்கத்திலிருந்தே அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நடுக்களத்தான்:
அப்படி நான் சொல்லவே இல்லை. கையில் இருக்கும் ஆட்களுக்கு ஏற்ற அமைப்பைத் தேர்வதுதான் பயிற்சியாளரின் வேலை என்று சொன்னேன். வாயில் சொற்களைத் திணிக்கும் உங்கள் பழக்கம் டென் ஹாக் காலத்திலிருந்தே மாறவில்லை.

ஓரக்காவலர்:
கோன்டேயை இழுத்தவர்கள் அவருடைய ஆட்டக்காரர் மோசஸை மறந்துவிட்டீர்கள். முன்கள ஓரத்தில் ஆடியவரை வலப்பக்க விங் பேக்காக மாற்றியதில்தான் அந்தப் பருவமே திரும்பியது. அமோரிம் முன்கள ஓர வீரர் அமாதை அந்த இடத்தில் ஆடவைத்ததை எத்தனை பேர் கவனித்தீர்கள்? டாலோவைப் பற்றி நான் கேட்டதற்கும் இன்னும் ஒருவரும் வாய்திறக்கவில்லை.

வைகறை:
என் கேள்விக்கும்தான். நடுக்களத்தான் பேசும்போது மற்றவர்களுக்கு இங்கே இடம் கிடைத்தது எப்போது?

நடுக்களத்தான்:
இடம் கேட்பவர்கள் சான்றோடு வரட்டும். செம்பரிதியும், டென் ஹாக்கைப் பற்றி நான் எழுதியதாகச் சொன்ன வரியை முழுமையாக எடுத்துப் போட்டுவிட்டு, அடுத்த வாதத்தைத் தொடங்கட்டும்.