‘சுகந்தான்’ என்று சொல்லச் சொன்னார்கள்: வாயின் வார்த்தை பற்றி உங்களுக்கு நடந்தது என்ன?

நெல்லைச் சாரல்

அம்மாவுக்குக் கணையத்தில் புற்றுநோய். மார்ச்சில் தெரிந்தது, ஜூனில் முடிந்துவிட்டது. நடுவில் நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. உபவாச ஜெபம், எண்ணெய் பூசுதல், வாட்ஸப்பில் ஜெபக் குறிப்பு. நான் சொல்ல வந்தது ஒரு மத்தியானத்தைப் பற்றி மட்டும்.

சபையிலிருந்து ஓர் அக்கா தினமும் வருவார். “வியாதியின் பேரை வாயில் எடுக்காதீங்க. இயேசுவின் தழும்புகளால் குணமானேன்னு அறிக்கை பண்ணிக்கிட்டே இருங்க. யார் கேட்டாலும் சுகந்தான்னு சொல்லுங்க” என்பார். அம்மாவும் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தார். கடைசிப் பக்கம் குரலே இல்லை, உதடு மட்டும் அசையும்.

அன்று வீட்டில் நானும் அம்மாவும்தான். கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். அம்மா கையைத் தூக்கி பீரோவைக் காட்டி, “எம்மா, நான் போனப்புறம் அந்தக் கீழ்த்தட்டுல...” என்று ஆரம்பித்தார். நான் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு, “அப்படிப் பேசாதீங்கம்மா, அது அவிசுவாசம்” என்றேன். கை மெதுவாக இறங்கிப் போர்வைக்குள் போய்விட்டது. அப்புறம் அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. 11 நாளில் போய்விட்டார்.

மரணமும் ஜீவனும் நாவின் அதிகாரத்தில் இருக்கும் என்ற வசனத்தைச் சின்ன வயதிலேயே மனப்பாடம் செய்தவள் நான். அந்த மத்தியானம் என் நாவு செய்தது என்ன என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

முத்துநகர்

நாங்கள் கத்தோலிக்கர்கள், விசுவாசத்தோடு வாயால் சொன்னால் அப்படியே நடக்கும் என்கிற அறிக்கைப் போதனை எங்களுக்குப் பழக்கமில்லை. ஆனால் வார்த்தையின் வல்லமை என்றதும் எனக்கு அப்பாதான்.

பக்கவாதம் வந்து அப்பாவுக்குப் பேச்சு போய்விட்டது. என் பெயர் வராது. தண்ணீர் வேண்டும் என்றால் “அது... அது...” என்று கையை ஆட்டிவிட்டுக் கோபத்தில் அழுவார். முதல் வெள்ளிக்கிழமை பங்குத்தந்தை நற்கருணை கொண்டுவந்தார். “விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே” என்று அவர் தொடங்கினார். அப்பா வாயைத் திறந்தார். “பரமண்டலங்களிலே இருக்கிற எங்கள் பிதாவே, உம்முடைய நாமம் அர்ச்சிக்கப்படுவதாக...” திக்காமல், தடுமாறாமல், 1950-களில் மறைக்கல்வி வகுப்பில் படித்த பழைய சொற்களில் முழு ஜெபமும் வந்தது. சாமியார் தன் ஜெபத்தை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றார். அம்மா அடுப்படி வாசலில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவர் பிறகு விளக்கினார். புதிதாக வாக்கியம் அமைக்கிற திறன் போனாலும், பல ஆண்டு சொல்லிச் சொல்லிப் பழகிய ஜெபம், பாட்டு, எண் வரிசை எல்லாம் பலருக்குத் தங்கிவிடுமாம். சரி, அப்படியே இருக்கட்டும். எனக்கு அது அற்புதம் இல்லை என்று ஆகிவிடாது. “ஒரு வார்த்தை மட்டும் சொல்லியருளும், எனது ஆன்மா நலமடையும்” என்று பூசையில் சொல்லும்போதெல்லாம் தொண்டை அடைக்கிறது. என் பெயரை அவர் கடைசிவரை சொல்லவில்லை.

ஜெபவீரன் கோவை

சாரல் சிஸ்டர், உங்கள் துக்கம் புரிகிறது. ஆனால் அறிக்கையிடுவதே தப்பு என்கிற மாதிரி இந்தத் திரி போகக் கூடாது என்பதால் எழுதுகிறேன். என் மகன் ஏழாம் மாதத்தில் பிறந்தான், 1.1 கிலோ. கண்ணாடிக்கு வெளியே நின்று “நீ சாவாமல் பிழைத்திருப்பாய்” என்று அவன் பெயரைச் சொல்லிச் சத்தமாகப் பேசினேன். வாட்ச்மேன் வந்து அதட்டினார். நான் நிறுத்தவில்லை. இன்று பிளஸ் டூ படிக்கிறான்.

பைபிளில் எலிசா தீர்க்கதரிசியைத் தேடிப் போன சூனேமியாள் என்ன சொன்னாள்? பிள்ளை செத்துக் கட்டிலில் கிடக்கும்போது “சுகந்தான்” என்றாள். எண்ணாகமம் 14:28-ஐ எடுங்கள், என் செவிகள் கேட்க நீங்கள் சொன்னபிரகாரம் உங்களுக்குச் செய்வேன் என்கிறார் கர்த்தர். ஆகையால் எல்லாருக்கும் சொல்கிறேன். காலையில் போனைத் தொடுவதற்கு முன் சங்கீதம் 91-ஐ வாய்விட்டு வாசியுங்கள், மனதுக்குள் அல்ல. பிள்ளைகளைச் சனியனே, மூதேவி என்று திட்டும் பழக்கத்தை இன்றே விடுங்கள். “எனக்கு மட்டும் ஏன் இப்படி” என்ற பேச்சு வீட்டில் வரக் கூடாது. புது வருஷ ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த வசன அட்டையை பைபிளுக்குள் வைத்து மறந்துவிடாதீர்கள், கண்ணாடியில் ஒட்டி தினமும் வாசியுங்கள். சாப்பிடும் முன் ஜெபத்தைப் பிள்ளைகளைச் சொல்ல வையுங்கள், சத்தமாக. இதை 40 நாள் செய்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

உபதேசியார் மகன்

கோவைத் தம்பி, எண்ணாகமம் 14 முழுவதையும் ஒருமுறை வாசியுங்கள். வனாந்தரத்திலே செத்தால் நலம் என்று முறுமுறுத்தவர்களுக்குச் சொன்ன தண்டனை அது. நோயாளிக்குச் சொன்ன வாக்குறுதியாக அதை எடுக்க முடியாது. இந்த ‘அறிக்கை’ என்கிற சங்கதி எங்கள் ஊர் ஓலைக்கூரைக் கோவிலில் இருந்ததில்லை. அமெரிக்காவில் கென்யன் (1867–1948) என்பவர் எழுதியதும், அவருக்குப் பின் கென்னத் ஹேகின் (1917–2003) பரப்பியதும் கேசட் காலத்தில்தான் எங்கள் பக்கம் வந்தன. ஹேகின் இளவயதில் படுக்கையில் கிடந்து, சந்தேகப்படாமல் சொன்னால் சொன்னபடியே ஆகும் என்கிற மாற்கு 11:23-ஐப் பற்றிக்கொண்டு எழுந்ததாகச் சாட்சி சொன்னவர். அவருடைய சாட்சியை நான் மறுக்கவில்லை. ஒருவர் சாட்சியை எல்லாருக்கும் சட்டமாக்கினால் எழாதவர்கள் குற்றவாளி ஆகிவிடுகிறார்கள்.

எனக்கு நடந்தது சின்னது. துக்க வீட்டுக்கு அப்பா போனால் பேசவே மாட்டார். பாயில் உட்கார்ந்திருப்பார். “நீங்க உபதேசியார், ரெண்டு வார்த்தை சொல்லக் கூடாதா?” என்று நான் ஒருநாள் கேட்டதற்கு, “எல்லாவற்றையும் இழந்து உட்கார்ந்திருந்த யோபுவோடு அவன் சிநேகிதர்கள் ஏழு நாள் பேசாமல் இருந்தார்கள், அந்த ஏழு நாள்தான் அவர்கள் உருப்படியாகச் செய்தது” என்றார்.

தென்காசி அம்மா

என் மகனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவனுக்கு நாலு வயதில் ஒரு சுகமளிக்கும் கூட்டத்துக்குக் கூட்டிப்போனேன். மேடையில் பிரசங்கியார் மைக்கோடு குனிந்து, அவன் காதில் “எப்பத்தா!” என்று கத்தினார். திறக்கப்படுவாயாக என்று இயேசு சொன்ன வார்த்தை அது. ஆயிரம் பேர் ஆர்ப்பரித்தார்கள். அவனுக்குச் சத்தம் தெரியவில்லை, கன்னத்தில் மூச்சுக்காற்றுதான் பட்டது. பயந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டான். “பிள்ளை திரும்பிப் பார்த்தான்!” என்று மைக்கில் அறிவித்தார். பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பாளையங்கோட்டையில் மிஷனெரி அம்மா ஒருவர் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆரம்பித்த காது கேளாதோர் பள்ளி இருக்கிறது. அந்த ஊரிலேதான் கைகளால் கர்த்தருடைய ஜெபம் சொல்வதை முதலில் பார்த்தேன். பிறகு ஒருநாள் மாற்கு 7-ஐத் திரும்ப வாசித்தேன். இயேசு அந்த மனுஷனை ஜனக்கூட்டத்தினின்று தனியே அழைத்துக்கொண்டு போகிறார். விரல்களைக் காதில் வைக்கிறார், நாவைத் தொடுகிறார், வானத்தை அண்ணாந்து பார்க்கிறார், பெருமூச்சு விடுகிறார். இவ்வளவுக்கும் அப்புறம்தான் “எப்பத்தா”. காது கேட்காதவனுக்குப் புரிகிற மாதிரி முதலில் கையால் பேசியிருக்கிறார்! இத்தனை வருஷம் கேட்ட பிரசங்கத்தில் இதை ஒருவரும் சொல்லவில்லை. மகனுக்கு இப்போது 15 வயது. இரவு ஜெபம் அவன்தான் செய்வான், விளக்கு வெளிச்சத்தில், கையால்.

இரவுப் பணி

செவிலியராக 22 வருஷம். கோவை பிரதர், சூனேமியாளின் கதையில் அடுத்த வசனத்தையும் வாசியுங்கள். “சுகந்தான்” என்று வழியில் வந்த எலிசாவின் வேலைக்காரன் கேயாசியிடம் சொன்னவள், எலிசாவிடம் வந்ததும் காலைக் கட்டிக்கொண்டாள். கேயாசி தள்ளிவிட வந்தபோது, அவளை விடு, அவள் ஆத்துமா துக்கமாயிருக்கிறது என்கிறார் தீர்க்கதரிசி. அப்புறம் அவள் பேசியது அறிக்கை அல்ல. பிள்ளை வேண்டும் என்று நான் கேட்டேனா என்று சண்டையே போட்டாள். பிள்ளை எழுந்தது அதற்குப் பிறகுதான்.

ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு பெரியவர் மணி அடித்தார். மறுநாள் அறுவைச் சிகிச்சை. வீட்டார் எல்லாரும் தைரியமாக இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். “சிஸ்டர், பயமா இருக்குன்னு சொன்னா அவிசுவாசமா?” என்று கேட்டார். எனக்குச் சட்டென்று, இயேசு பிடிபடுவதற்கு முன் ஜெபித்த கெத்செமனேதான் நினைவுக்கு வந்தது. “என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறதுன்னு ஆண்டவரே சொன்னாரே தாத்தா” என்றேன். “ஆமா, சொன்னாருல்ல” என்றார். பிறகு “பயமா இருக்கு” என்றார். மூன்று நான்கு தடவை, ஒவ்வொரு தடவையும் மெதுவாக. நான் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தூங்கிவிட்டார்.

நெல்லைச் சாரல்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். கோவை பிரதர், உங்கள் மகனுக்காக நானும் நன்றி சொல்கிறேன். அந்த அக்காவையும் நான் குற்றம் சொல்லவில்லை, பாசத்தோடுதான் வந்தார். பேச்சை நிறுத்தியது நான். இரவுப் பணி சிஸ்டர், நீங்கள் சொன்ன வசனம் எனக்கும் தெரிந்த வசனம்தான். அன்று வரவில்லை.

கீழ்த்தட்டில் என்ன இருந்தது என்று முத்துநகர் அண்ணன் தனியாகக் கேட்டிருந்தார். ஞானஸ்நானச் சான்று, என் பள்ளிக்கூட மார்க் ஷீட், ஸ்தோத்திரப் பண்டிகைக்கென்று கைக்குட்டையில் முடிந்து வைத்த பத்து ரூபாய்த் தாள்கள், விலைச்சீட்டுகூடக் கிழிக்காத புது வேட்டி ஒன்று. இதில் எதைக் காட்டினார் என்று தெரியவில்லை. அந்த வேட்டியை அப்பா இன்னும் கட்டவில்லை.