மேலே ஐஸ் கட்டி, கீழே மாவு பொங்குது: ஃபிரிட்ஜ்ல கேஸ் போயிருச்சா?

கோவில்பட்டிக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். 2015ல வாங்கின டபுள் டோர் ஃபிரிட்ஜ், 250 லிட்டர் சொச்சம், ஃப்ராஸ்ட் ஃப்ரீ. போன மாசம் ஒருநாள் காலையில கீழ்க் கதவைத் திறந்தா இட்லி மாவு பொங்கி வழிஞ்சு காய்கறி டப்பா வரைக்கும் இறங்கியிருக்கு. பாலும் திரிஞ்சு போச்சு. ஆனா மேல ஃப்ரீசர்ல ஐஸ் கல்லு மாதிரி இருக்கு. கம்ப்ரசர் நிக்காம ஓடுது.

பக்கத்துத் தெரு மெக்கானிக்கைக் கூப்பிட்டோம். பின்னாடி காதை வச்சுக் கேட்டுட்டு "கேஸ் கம்மி"ன்னார். மறுநாள் சாயங்காலம் வந்து கேஸ் ஏத்திட்டு 2800 ரூபாய் வாங்கிட்டுப் போனார். சும்மா சொல்லக் கூடாது, பன்னெண்டு நாள் ஜில்லுன்னு இருந்துச்சு. பதிமூணாம் நாள் திரும்ப மாவு பொங்குது. கேட்டா "உள்ள எங்கயோ லீக், காயிலையே மாத்தணும், 6500 ஆகும்"ங்கிறார். வீட்டுக்காரர் புதுசே வாங்கிரலாம்னு நிக்கார். என்ன செய்யட்டும்?

வண்டிக்காரன்77:
ஓல்டேஜ் பிரச்சினையா இருக்கும். ஸ்டெபிலைசர் மாத்திப் பாருங்க. எங்க வீட்ல அப்படித்தான் சரியாச்சு.

கூலிங் மெக்கானிக்:
27 வருஷமா இதான் தொழில். அக்கா, 6500ஐ எடுத்து வைக்க வேண்டாம், முதல்ல இதைச் சொல்லுங்க. கேஸ் ஏத்த வர்றதுக்கு முன்னாடி எவ்வளவு நேரம் ஆஃப் பண்ணிப் போட்டிருந்தீங்க? மேல ஃபேன் சத்தம் வழக்கம்போல இருக்கா? பின்பக்க ஸ்டிக்கர்ல கேஸ் பேரும் கிராமும் என்ன போட்டிருக்கு?

கோவில்பட்டிக்காரி:
அவர் சொன்னபடி ஒருநாள் முழுக்க ஆஃப் பண்ணி ரெண்டு கதவையும் திறந்து போட்டிருந்தோம். தரையெல்லாம் தண்ணி, துண்டு போட்டுப் பிழிஞ்சுக்கிட்டே இருந்தேன். ஃபேன்ல கொஞ்ச நாளா "கர்ர் கர்ர்"னு எதுலயோ உரசுற சத்தம், இப்ப அதுவும் இல்ல. ஸ்டிக்கர்ல ஆர்-600ஏ, 46 கிராம்னு இருக்கு.

கூலிங் மெக்கானிக்:
பாதி பதில் நீங்களே சொல்லிட்டீங்க. அந்தப் பன்னெண்டு நாள் கூலிங் கேஸ் ஏத்தினதால வந்தது இல்ல. ஒருநாள் திறந்து போட்டீங்க பாருங்க, அதுல வந்தது.

ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃபிரிட்ஜ்ல கீழ்த்தட்டுக்குன்னு தனிக் காயில் கிடையாது. குளிர்ற காயில் ஒண்ணே ஒண்ணு, ஃப்ரீசரோட பின்சுவர் பிளாஸ்டிக் கவருக்குப் பின்னாடி நிக்குது. அங்க இருந்து ஃபேன்தான் குளிர்காத்தைக் கீழ தள்ளி விடுது. நீங்க கதவைத் திறக்கிறப்பெல்லாம் உள்ள போற ஈரம் அந்தக் காயில்ல பனியாப் படியும். அதைக் கரைக்கிறதுக்குன்னே காயிலுக்கு அடியில ஒரு ஹீட்டர். கம்ப்ரசர் எட்டு மணி நேரம் போல ஓடினதும் (மாடலுக்கு மாடல் மாறும்) டைமர் கம்ப்ரசரை நிறுத்திட்டு ஹீட்டரைப் போடும். பனி கரைஞ்சு தண்ணி டிரெயின் குழாய் வழியா கம்ப்ரசருக்கு மேல இருக்கிற தட்டுல விழுந்து காயும். இந்தச் சங்கிலியில ஒரு கண்ணி அறுந்தாலும் காயில் பனிக்கட்டியா உறைஞ்சிரும். காத்து போக வழியில்ல. ஃபேன் கட்டியில உரசும், அப்புறம் நின்னே போகும். ஃப்ரீசர் காயிலை ஒட்டி இருக்கிறதால அங்க ஐஸ் தாக்குப் பிடிக்கும், முதல்ல அடிவாங்குறது உங்க மாவுதான்.

கேஸ் குறைஞ்சிருந்தா காயிலைப் பார்த்ததுமே தெரியும். குழாய் நுழையிற பக்கம் ரெண்டு மூணு வரிசையில மட்டும் பனி இருக்கும், மிச்சம் வெறுமனே கிடக்கும். முழுக்க வெள்ளைப் பாறையா இருந்தா அது கேஸ் பிரச்சினையே இல்ல. கவரைத் திறந்து பார்க்காம கேஸ் போச்சுன்னு சொல்றவரை நம்ப மாட்டேன்.

நல்லா ஆஃப் பண்ணி, பிளக்கைப் பிடுங்கி, 24 மணி நேரம் திறந்து வைங்க. வெளிய ஒரு டேபிள் ஃபேனைத் திருப்பி வச்சா சீக்கிரம் கரையும். கத்தி, ஸ்க்ரூடிரைவர் எதையும் உள்ள விட்டுறாதீங்க.

திண்டுக்கல்லான்:
கத்தி விஷயம் நூத்துக்கு நூறு. பழைய சிங்கிள் டோர்ல ஐஸ் ட்ரே ஒட்டிக்கிச்சுன்னு தோசைக் கரண்டியால நெம்பினேன். "உஸ்ஸ்"னு ஒரு சத்தம். அவ்வளவுதான், ஃபிரிட்ஜ் எடைக்குப் போச்சு.

கோவில்பட்டிக்காரி:
பையன் பாலிடெக்னிக் படிக்கிறான், மல்டிமீட்டர் வச்சிருக்கான். கரையிறதுக்கு முன்னாடி கவரைக் கழட்டப் பார்த்தான், அசையலை. காயிலோட ஒட்டி உறைஞ்சிருக்கு. ஓரத்துல எட்டிப் பார்த்தா நீங்க சொன்ன வெள்ளைப் பாறையேதான். ஒருநாள் கரைச்சிட்டுக் கழட்டினான். அவனே எழுதுறான்:

அண்ணே வணக்கம். பிளக்கைக் கழட்டிட்டுத்தான் பார்த்தேன். ஹீட்டர் 340 ஓம் காட்டுது. காயில் மேல கிளிப் போட்டு வட்டமா ஒரு பைமெட்டல் (சூடு, குளிரைப் பொறுத்துத் தானா சேர்ந்து பிரியிற சுவிட்ச்) இருக்கு, அதுல மீட்டர் "பீப்"னு கத்துது, அதாவது கரண்ட் போக வழி இருக்கு, அப்ப அது ஓகே. பக்கத்துல வெள்ளை ஸ்லீவுக்குள்ள சின்னதா ஒரு ஃபியூஸ், 72 டிகிரின்னு எழுதியிருக்கு, அது மட்டும் கத்தலை. ஃபியூஸ் மாத்தினா போதுமாண்ணே?

மின்சாரப் பித்தன்:
ஃபியூஸ் எதுக்கு தம்பி, ரெண்டு ஒயரையும் முறுக்கி டைரக்ட் பண்ணிட்டா ஜம்முனு ஓடும்.

கூலிங் மெக்கானிக்:
தயவுசெஞ்சு அப்படிச் செய்யாதீங்க. ஹீட்டரைச் சுத்தி இருக்கிறது பூரா பிளாஸ்டிக்கும் தெர்மகோலும். காயிலுக்குள்ள ஓடுறது ஆர்-600ஏ, ஐசோபியூட்டேன், சமையல் கேஸோட சொந்தக்காரன். ஹீட்டர் நிக்காம எரிஞ்சா கடைசியா தடுக்கிறது அந்த ஃபியூஸ் ஒண்ணுதான்.

தம்பி, ஹீட்டர் நல்லாருக்கு. 150 வாட் ஹீட்டருக்கு 350 ஓம் பக்கம் வரணும், வந்திருக்கு. ஆனா பைமெட்டல்ல கணக்குத் தப்பிட்ட. இப்ப காயில் ரூம் சூட்டுல இருக்கில்ல? அந்தச் சூட்டுல பைமெட்டல் கத்தவே கூடாது. அது குளிர்ல, மைனஸ் அஞ்சு போல இறங்கினாத்தான் சேரும். பனி கரைஞ்சு காயில் பத்து டிகிரி போலச் சூடானதும் பிரிஞ்சு ஹீட்டரை நிறுத்தணும். உன்னோடது ஒட்டிக்கிட்டு நிக்குது. பனி கரைஞ்ச பிறகும் டைமர் விடுற வரைக்கும் ஹீட்டர் எரிஞ்சிருக்கு, சூடு ஏறி ஃபியூஸ் போயிருச்சு. வெறும் ஃபியூஸ் மாத்தினா அதுவும் சீக்கிரமே போகும்.

இது புது மெக்கானிக் பசங்க எல்லாரும் செய்ற தப்புதான். "பீப்" வந்தா நல்லதுன்னு மனசுல பதிஞ்சிருது. இதுக்கு நேர்மாறா, ரூம் சூட்டுல கத்தலைன்னு நல்ல பைமெட்டலைத் தூக்கிப் போட்டவங்களையும் பார்த்திருக்கேன்.

பைமெட்டலும் ஃபியூஸும் சேர்ந்த செட்டாவே கிடைக்கும். பழசைக் கையோட கொண்டுபோ, டிகிரி பார்த்து வாங்கு. மாட்டுறதுக்கு முன்னாடி ஒரு கிண்ணத்துல நொறுக்கின ஐஸும் கல்லுப்பும் கலந்து, புதுசைப் பிளாஸ்டிக் பைக்குள்ள வச்சு அதுல அமுக்கு. வெறும் ஐஸ் பத்தாது, உப்பு சேர்ந்தாத்தான் மைனஸ்ல இறங்கும். கொஞ்ச நேரத்துல "டிக்"னு சத்தம் வந்து மீட்டர் கத்தணும். வெளிய எடுத்துக் கை சூட்டுல வச்சா திரும்பப் பிரியணும். ஜாயின்ட் போடுற இடத்துல வெறும் டேப் சுத்தாதே, அங்க எப்பவும் ஈரம். சூடு காட்டினா சுருங்கி ஒயரை இறுக்கிப் பிடிக்கிற ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் போடு. டிரெயின் ஓட்டையில வெந்நீர் ஊத்தி, கீழ்த் தட்டுக்கு வருதான்னும் பார்த்துக்கோ.

கோவில்பட்டிக்காரி:
இருபது நாள் ஆச்சு. செட் 280 ரூபாய், ட்யூப் 20. கல்லுப்பு சோதனையை அடுப்படி மேடையில வச்சே பண்ணினான், "டிக்" சத்தம் எனக்கே கேட்டுச்சு. அப்புறம் ஸ்க்ரூடிரைவரால டைமரைத் திருப்பி விட்டான், கம்ப்ரசர் நின்னுச்சு, கொஞ்ச நேரத்துல பின் தட்டுல தண்ணி சொட்டுச்சு. மாவு இப்ப அடக்கமா இருக்கு.

ஒரே உறுத்தல். அந்த மனுஷன் ஏத்தின கேஸ் அதிகமாயிருக்குமோ? தராசெல்லாம் வைக்கலை. டின்னைக் கையால ஆட்டிப் பார்த்துட்டு "போதும்"ன்னார்.

கூலிங் மெக்கானிக்:
46 கிராம் கேஸை ஆட்டிப் பார்த்து அளக்கிறதா! அஞ்சு கிராம் கூடினாலே பத்துல ஒரு பங்குக்கு மேல. இந்த கேஸை எடை போட்டுத்தான் ஏத்தணும், அதுவும் ஃபில்டரை மாத்தி, வேக்குவம் போட்டு (குழாய்க்குள்ள இருக்கிற காத்தையெல்லாம் உறிஞ்சி எடுத்து) முடிச்ச பிறகு. சரி, நடந்தது நடந்துபோச்சு. கம்ப்ரசருக்குத் திரும்பி வர்ற தடிச்ச குழாய்ல பனி பிடிக்குதா பாருங்க, கேஸ் கூடிப் போனதுக்கு அது ஒரு அடையாளம். பிடிக்கலைன்னா இப்போதைக்குத் தொட வேண்டாம்.

இன்னொண்ணு, அவர் கேஸ் ஏத்தின குழாய் நுனியைப் பாருங்க. நசுக்கி வெல்டு வச்சிருந்தா நல்லது. மூடியோட வால்வு தொங்கினா சோப்பு நுரை தடவிப் பார்க்கணும். ஆனா ஃபிரிட்ஜை ஆஃப் பண்ணி அரை மணி நேரம் கழிச்சுத் தடவுங்க. இந்த கேஸ்ல கம்ப்ரசர் ஓடுறப்ப அந்தப் பக்கம் வெளிக்காத்தை விட அழுத்தம் கம்மி. ஓட்டை இருந்தா காத்தை உள்ள இழுக்குமே தவிர நுரை வராது.

கோவில்பட்டிக்காரி:
வால்வுதான் தொங்குது. ஆஃப் பண்ணிட்டேன், பையன் சோப்பு கரைச்சிக்கிட்டு இருக்கான்.

கோவில்பட்டிக்காரி:
நுரை வரலை. குழாய்லயும் பனி இல்ல.

கூலிங் மெக்கானிக்:
அப்போ மூடியை இறுக்கி விட்டுட்டு பிளக்கைச் சொருகுங்கக்கா.