பழைய மின்னல் சின்னத்தை நானே செய்த பலகையில் இடலாமா?

இரண்டாம்பலகை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் என் கையால் செய்துவரும் இரண்டாவது அலைச்சறுக்குப் பலகையைப் பற்றியது இக்கேள்வி. நீளம் 7 அடி 4 அங்குலம், ஒற்றை ஃபின் (அடியிலுள்ள துடுப்பு), வால் கூர்ந்து முடியும் பின்டெயில் அமைப்பு. 1970-களின் பலகைகளைப் படங்களில் பார்த்துப் பார்த்து மனத்தில் ஊறிப்போன வடிவம் இது. பாலியூரித்தேன் ஃபோமை இழைத்து, உப்புத்தாளால் தேய்த்து முடித்துவிட்டேன். ஃபைபர் கிளாஸ் துணியைப் போர்த்திப் பாலியெஸ்டர் ரெசின் ஊற்றும் வேலைதான் பாக்கி.

இந்த வடிவத்தின் மேல் வேறு எந்தச் சித்திரமும் எனக்குப் பொருத்தமாகத் தோன்றவில்லை. ஹவாயில் பிறந்த லைட்னிங் போல்ட் பலகைகளில் இருந்த அந்த நீண்ட மின்னலைத்தான் இட வேண்டும் என்று ஆசை. ஹவாய் அலைச்சறுக்கு வீரர் ஜெரி லோப்பஸ் அங்குள்ள பைப்லைன் அலையின் குழலுக்குள் ஏதோ வாசலில் நிற்பவரைப் போல அலட்டிக்கொள்ளாமல் நிற்கும் படங்களைப் பார்த்தவர்களுக்கு என் ஆசை புரியும். பலகையை விற்கும் எண்ணம் அறவே இல்லை.

கேட்க விரும்புவது இரண்டு. சிவப்பு நிற ஃபோமின் மேல் மஞ்சள் மின்னலை எப்படி இடுவது? தாளில் அச்சிட்டு ஒட்டலாமா, நேரடியாகத் தீட்டலாமா? அடுத்தது, உடன் சறுக்கும் நண்பர் ஒருவர், "நீ செய்த பலகையில் அவர்கள் பெயரைப் போடுவது பொய்க் கையெழுத்து மாதிரி" என்று சொல்லிவிட்டார். அன்று முதல் தூரிகையைக் கையில் எடுக்கவே தயக்கமாக இருக்கிறது.

நுரைத்தச்சன்

முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்; இரண்டாவதற்கு என்னைவிடத் தகுதியானவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

பலகைகளில் சின்னங்களை இடுவதற்கு வழக்கமான முறை ரைஸ் பேப்பர் எனப்படும் மெல்லிய தாளில் அச்சிட்டு, அதைத் துணிக்கு அடியில், ஃபோமின் மேல் வைத்து, ரெசினில் நனைத்து அழுத்திவிடுவதுதான். ரெசின் ஊறியதும் தாள் கண்ணாடிபோல ஆகி மறைந்துவிடும். மை மட்டும் நிற்கும். வெள்ளை ஃபோமில் இது மிக அழகாக அமையும். ஆனால் உங்கள் ஃபோம் சிவப்பு என்கிறீர்கள். தாள் மறையும்போது மையும் ஓரளவு ஒளி ஊடுருவுவதாகவே இருப்பதால், அடியிலுள்ள சிவப்பு மேலே வந்து, மஞ்சளாக இருக்க வேண்டிய மின்னல் மங்கிய ஆரஞ்சுக் கறையாகத்தான் தெரியும். அடியில் ஒளிபுகாத வெள்ளை மையை ஒரு படலமாக அச்சிட்டு, அதன்மேல் மஞ்சளை அச்சிட்டால் தப்பிக்கலாம். சில்க் ஸ்கிரீன் வைத்திருப்பவர்களுக்கு அது எளிது, வீட்டு அச்சுப்பொறி வைத்திருப்பவர்களுக்கு இயலாது. வீட்டு அச்சுப்பொறியில் இன்னொரு தொல்லையும் உண்டு. சாய வகை மை ரெசின் பட்டதும் கசிந்து ஓரங்களைக் கலைத்துவிடும், வெயிலிலும் விரைவில் வெளுக்கும். நிறமி வகை மை அவ்வளவு மோசமில்லை. எதுவானாலும் மிச்சமான ஃபோம் துண்டில் ஒரு முறை சோதித்துப் பார்க்காமல் பலகையில் கைவைக்காதீர்கள்.

சிவப்பை ஃபோமின் மேலேயே அடித்துவிட்டீர்களா, இல்லை இனிமேல்தானா என்று நீங்கள் சொல்லவில்லை. இன்னும் அடிக்கவில்லை என்றால், மின்னலின் இடத்தை மாஸ்கிங் டேப்பால் மூடிவிட்டு, சுற்றிலும் நீர் கலந்த அக்ரிலிக் சிவப்பை மிக மெல்லிய படலமாகத் தெளியுங்கள். டேப்பை உரித்தால் வெள்ளை ஃபோமில் மின்னல் காத்திருக்கும். அதில் மஞ்சளைத் தெளித்தால் பளிச்சென்று நிற்கும். "மெல்லிய படலம்" என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனெனில் ஃபோமுக்கும் ரெசினுக்கும் இடையே தடித்த பெயின்ட் படிந்தால் இரண்டும் சரியாகப் பிடிக்காமல், சில மாதங்களில் மேலோடு கொப்புளம்போல எழும்பிவிடும்.

சிவப்பை ஏற்கெனவே அடித்துவிட்டீர்கள் என்றால், துணி போர்த்தி, ஹாட் கோட் எனப்படும் இரண்டாம் ரெசின் பூச்சை ஊற்றி, அதைத் தேய்த்து மங்கலாக்கிய பிறகு மேற்பரப்பில் டேப் ஒட்டி, ஒளிபுகாத நிறமி கலந்த ரெசினாலேயே மின்னலை நிரப்புங்கள். இதில் ஒரே ஒரு கணம்தான் முக்கியம். ரெசின் திரவமாக இருக்கும்போது டேப்பை உரித்தால் ஓரம் வழிந்துவிடும். கல்லாக இறுகிய பிறகு உரித்தால் ஓரம் பிளந்து பல்பல்லாகும். கலவைக் கிண்ணத்தில் மிச்சமிருக்கும் ரெசினைக் குச்சியால் தொட்டுக்கொண்டே இருங்கள். அது ஜெல்லிபோல நடுங்கத் தொடங்கும் நேரத்தில் டேப்பை ஒரே சீராக, தாழ்வான கோணத்தில் இழுங்கள். முதல் முறை என் கை நடுங்கியது; மின்னலின் ஒரு முனை இன்றும் சற்று மழுங்கியே இருக்கிறது.

வரைகோடு

நான் வழக்கறிஞன் அல்ல. வடிவமைப்புத் தொழிலில் இருப்பதால் இந்தச் சிக்கலை அடிக்கடி சந்திக்கிறேன். இதில் இரண்டு உரிமைகள் கலந்து கிடப்பதால்தான் பலருக்கும் குழப்பம் வருகிறது.

வணிகச் சின்னம் என்பது இந்தப் பொருள் யாரிடமிருந்து வந்தது என்று வாங்குபவருக்குச் சொல்லும் அடையாளம். அதைக் காக்கும் சட்டங்கள் பெரும்பாலும் வியாபாரத்தில் அதைப் பயன்படுத்துவதையே பிடிக்கும். உங்கள் கொட்டகையில் செய்து நீங்களே சறுக்கும் பலகையைத் தேடி யாரும் வரப்போவதில்லை. விற்கும் நாளில், அல்லது கூலிக்கு மற்றவருக்குச் செய்துகொடுக்கும் நாளில் நிலைமை அடியோடு மாறிவிடும். சின்னம் பழையது, ஆகவே உரிமை காலாவதி ஆகியிருக்கும் என்று எண்ணிவிடவும் கூடாது. பல நாடுகளில் வணிகச் சின்னத்தைப் பத்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பித்துக்கொண்டே போகலாம். அதற்கு முடிவே கிடையாது.

பதிப்புரிமை வேறு வகை. ஓவியர் ஒருவர் பலகையின் மேல் தீட்டிய நிலவு, அலை, தென்னைக் காட்சி போன்றவற்றை அப்படியே படியெடுத்தால், விற்காவிட்டாலும் அது படியெடுப்புதான். அந்த உரிமை ஓவியரின் வாழ்நாளுக்குப் பிறகும் குறைந்தது 50 ஆண்டுகள், பல நாடுகளில் 70 ஆண்டுகள் நீடிக்கிறது. தனிப்பட்ட பயன்பாட்டுக்கு எவ்வளவு சலுகை என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும்.

இன்னொன்று: மின்னல் என்ற உருவம் யாருக்கும் சொந்தமில்லை. டவுன் அண்ட் கன்ட்ரி நிறுவனத்தின் பலகைகளில் இருக்கும் யின்-யாங் வட்டம் அந்த நிறுவனத்துக்கு எவ்வளவோ காலம் முன்பே இருந்தது. அவர்கள் காத்துக்கொள்வது, பலகைகளோடு சேர்த்து மக்கள் அடையாளம் காணும் அந்தக் குறிப்பிட்ட வரைவைத்தான்.

கொட்டகைக்காரன்

உங்கள் நண்பர் சொன்னதில் பாதி சரி. பழுது பார்ப்பது என் தொழில் என்பதால் மறுபாதியை நான் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் ஒரு பழைய பலகையைத் தோளில் சுமந்து வந்தார். முனையில் விரிசல், அதைச் சரிசெய்ய வேண்டும், ஆனால் மின்னலுக்கு எந்தச் சேதமும் வரக்கூடாது, 1970-களின் அசல் இது, நல்ல விலை கொடுத்து வாங்கினேன் என்றார். விளக்கைச் சாய்த்துப் பிடித்து உருப்பெருக்கியால் பார்த்தபோது மின்னலின் ஓரத்தில் சிறு சிறு வண்ணப் புள்ளிகள் தெரிந்தன, அச்சுப்பொறியின் புள்ளிகள். அந்தக் காலத்து ஸ்கிரீன் அச்சில் ஒரே சீரான மைப்படலம்தான் இருக்கும். பிறகு பலகையைத் திருப்பி ஸ்ட்ரிங்கர் முழுவதும் தேடினேன். பலகை இழைப்பவர்கள் நடுவிலுள்ள அந்த மரச்சட்டத்தை ஒட்டிப் பென்சிலால் அளவுகளையும் தம் பெயரையும் எழுதுவது வழக்கம். அங்கே ஒரு கீறல்கூட இல்லை. அவரிடம் சொல்ல எனக்கு மனமே வரவில்லை. சொன்னேன், அதன்பின் அவர் என் கடைக்கு வந்ததில்லை.

அதைச் செய்தவர் ஏமாற்றுவதற்காகச் செய்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. உங்களைப் போல ஆசைப்பட்டுச் செய்திருப்பார். வீடு மாறும்போது யாருக்கோ கொடுத்திருப்பார். அவரிடமிருந்து வேறொருவருக்குப் போயிருக்கும். மூன்றாம் கைக்குப் போவதற்குள் பலகையோடு வந்த கதை தொலைந்துவிடுகிறது, சின்னம் மட்டும் மிஞ்சுகிறது. இன்று விற்க மாட்டேன் என்று நீங்கள் சொல்வதை முழுமையாக நம்புகிறேன். ஆனால் பலகை உங்களைவிட நீண்ட நாள் இருக்கக்கூடியது.

ஆகவே மின்னலை இடுங்கள், அதில் எனக்கு வருத்தமில்லை. நிறுவனத்தின் பெயரெழுத்துகளை மட்டும் இடாதீர்கள். துணி போர்த்துவதற்கு முன்பே ஸ்ட்ரிங்கரை ஒட்டி உங்கள் பெயர், ஆண்டு, அளவு, "சொந்தக் கையால் செய்தது" என்ற சொற்கள் எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள். ரெசினுக்கு அடியில் போய்விட்டால், பலகையை உடைக்காமல் அதை யாரும் அழிக்க முடியாது.

பின்டெயில்பித்தன்

இவ்வளவு கவலை தேவையா என்று தோன்றுகிறது. லோப்பஸும் ஜாக் ஷிப்லியும் 1970-களின் தொடக்கத்தில் ஹொனலுலுவில் லைட்னிங் போல்ட் கடையை நடத்தியபோதே மின்னல் ஒரே கையின் அடையாளமாக இருக்கவில்லை; டாம் பாரிஷ், ரெனோ அபெலிரா, பேரி கனயவுபுனி என்று பலர் இழைத்த பலகைகளில் அதே மின்னல் இருந்தது. 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு முறை உலகச் சாம்பியனான மார்க் ரிச்சர்ட்ஸின் எம்.ஆர். சின்னத்தைப் பாருங்கள், சூப்பர்மேனின் மார்புக் கேடயத்தை நினைவூட்டாமல் அதைப் பார்க்க முடியுமா? கடன் வாங்குவது இந்த விளையாட்டின் இரத்தத்திலேயே இருக்கிறது.

கொட்டகைக்காரன்

உண்மைதான். ஆனால் நீங்கள் சொன்ன அத்தனை பேரும் அந்தக் கடைக்காக இழைத்தவர்கள்; மின்னலுக்குக் கீழே இருந்த கை எதுவென்று கடைக்குத் தெரியும். ரிச்சர்ட்ஸும் கேடயத்தை எடுத்துக்கொண்டு அதற்குள் தன் எழுத்துகளைத்தான் போட்டார். நான் கேட்பதும் அதுவே.

இரண்டாம்பலகை

எல்லோருக்கும் நன்றி. சிவப்பை இன்னும் அடிக்கவில்லை. ஆகவே நுரைத்தச்சன் சொன்ன முதல் வழியிலேயே போகிறேன். நேற்றிரவு தாளில் பத்துப் பன்னிரண்டு மின்னல்களை வரைந்து பார்த்தேன். அசலின் விகிதத்தைவிட நடு மடிப்பைச் சற்றுக் கீழே இறக்கி, முனையை நீட்டினேன். பின்டெயிலின் கூர்மைக்கு அதுவே பொருந்துகிறது. தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு அந்தப் பழைய பலகைகள் நினைவுக்கு வரும், அருகில் வந்தால் இது வேறு என்று தெரியும். பெயரெழுத்துகள் எதையும் இடப்போவதில்லை.

ஒரு சிறு ஐயம்: ஸ்ட்ரிங்கரை ஒட்டி எழுதுவதற்கு மார்க்கர் பேனாவைப் பயன்படுத்தலாமா? பென்சில் எழுத்து ரெசினுக்கு அடியில் தெளிவாகத் தெரியுமா?

நுரைத்தச்சன்

மார்க்கர் வேண்டாம், ரெசின் பட்டதும் பல மார்க்கர்களின் மை கரைந்து, உங்கள் பெயரைச் சுற்றி ஊதாப் புகைபோலப் பரவும். 2பி போன்ற மென்மையான பென்சிலே போதும், ரெசின் ஊறியதும் எழுத்து இன்னும் கருத்துத்தான் தெரியும். அழுத்தி எழுதினால் ஃபோம் பள்ளமாகிவிடும், கையை லேசாக ஓட்டுங்கள். சிவப்பு அடிக்கும்போது அந்த இடத்தை மறந்துவிடாமல் டேப்பால் மூடிக்கொள்ளுங்கள்.