தாடைமூட்டா, தாடைக்கீலா, தாடைப்பொருத்தா?

மருத்துவக் கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

தாடை வலிக்கு நேற்றைய மடலில் வந்த ‘பொட்டெலும்பு-கீழ்த்தாடை மூட்டுக் கோளாறு’ என்ற பெயர் உடற்கூற்றியல் பாடநூலுக்குச் சரி. காதுக்கு முன்னே, கீழ்த்தாடையின் குமிழ் பொட்டெலும்பின் குழியில் அமரும் இடத்தைத் துல்லியமாகச் சொல்கிறது. ஆனால் நான் துண்டறிக்கை எழுதுவது முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் பெண்களுக்கு. பீடித்தட்டை மடியில் வைத்து நாள் முழுவதும் குனிந்திருப்பவர்கள். கழுத்தோடு தாடையும் இறுகிப்போகிறது. இவ்வளவு நீளமான சொல்லை அவர்கள் எந்த மருத்துவரிடம் போய்ச் சொல்வார்கள்?

என் அம்மாவும் பீடி சுற்றியவர். ‘காதுக்குள் குத்துகிறது’ என்று போனார். காதில் சொட்டு மருந்து விட்டார்கள். பிறகு வேறோர் இடத்தில் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். நல்ல பல். வலி அப்படியே இருந்தது. வலித்த இடத்துக்கு அம்மாவிடம் ஒரு பெயர் இருந்திருந்தால் அந்தப் பல் தப்பியிருக்கும் என்றே இன்றும் நினைக்கிறேன்.

‘மூட்டு வலி’ என்றால் எங்கள் பக்கம் முழங்கால்தான். கேட்டவுடன் தேய்மானமும் அறுவை சிகிச்சையும் நினைவுக்கு வந்து பயம் பிடித்துக்கொள்ளும். இந்த நோவோ பெரும்பாலும் மெல்லும் தசைகளிலிருந்து வருவது. அறுவை சிகிச்சை வரை போகிறவர்கள் மிகச் சிலர். ‘கீல்’ கதவுக்கும் உடம்புக்கும் பொதுவான அருமையான சொல். ஆயினும் ‘கீல்வாதம்’ கூடவே வந்து ஒட்டிக்கொள்கிறது. அதோடு, காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயை மெல்லத் திறந்து பாருங்கள். குமிழ் முதலில் சுழலும், பிறகு முன்னோக்கி வழுக்கும். கதவுக் கீல் வழுக்குவதில்லை.

ஆகவே என் முன்மொழிவு ‘தாடைப்பொருத்து’. ‘பொருத்துப் பொருத்தாக வலிக்கிறது’ என்று சொல்லும் வாய்க்கு இது அந்நியமாக இராது. தசை வலியையும் சேர்த்த பொதுப்பெயராகத் ‘தாடைப்பொருத்து நோவு’. ‘நோய்’ என்று எழுத வேண்டாம்.

வாய் திறக்கையில் எழும் ஓசைக்குச் ‘சொடக்கு’ போதும். வலியில்லாத சொடக்குக்கு மருத்துவம் தேவையில்லை என்பதையும் அறிக்கையில் எழுதுகிறேன். பொருத்தின் நடுவே இருப்பதைச் ‘சில்லு’ என்றால் முழங்கால் சில்லோடு குழம்பும், ‘இடைத்தட்டு’ என்போம். அது நழுவி வாய் திறக்க முடியாமல் போவதற்கு ‘வாய்ப்பூட்டு’ கூடாது, அது முருகனுக்கு நேர்ந்துகொள்வது. ‘தாடைச்சிக்கு’ எப்படி?

மிகவும் தேவைப்படுவது இன்னொரு சொல். உதடு மூடியிருக்க, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடாமல் இருக்கும் நிலை. வேலைக் கவனத்தில் பல்லைக் கடித்துக்கொண்டே இருப்பவர்களுக்கு முதல் மருந்தே அதுதான். ‘தாடை ஓய்வு’ என்று வைத்திருக்கிறேன். மற்றவை எளியவை: வெந்நீர் ஒத்தடம், கொட்டாவி விடும்போது தாடைக்குக் கைத்தாங்கல், சில வாரங்களுக்குப் பனங்கிழங்கையும் வெற்றிலை பாக்கையும் விட்டுக் குழைந்த உளுந்தஞ்சோறு.

பாளையங்கோட்டையிலிருந்து

*

அன்புள்ள அக்கா,

தாடைப்பொருத்து நோவை முழுமனதோடு ஏற்கிறேன். தாடை ஓய்வையும். ‘தாடைச்சிக்கு’ மட்டும் தலைமுடியை நினைவூட்டுகிறது. ‘தாடை அடைப்பு’ என்றால் இடைத்தட்டு வழியை மறிப்பதும் தெரியும். தன் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து முன்பற்களுக்கு நடுவே நுழைக்க முடியவில்லை என்றால் மருத்துவரிடம் போக வேண்டும் என்ற அளவையும் சேருங்கள்.

தூக்கத்தில் பல்லைக் கடிப்பதற்குப் ‘பல் நறநறப்பு’ என்று ஒரு சொல் தரலாம். வயிற்றுப் பூச்சி என்று வீட்டார் மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டு அதோடு விட்டுவிடுகிறார்கள். இரவில் அணியும் ‘பல்லுறை’ பற்றி யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

இன்னொன்று: எங்கள் அம்பாசமுத்திரத்து வீட்டில் பெரியவர்கள் பேச்சில் தாடை என்பது ‘தவடை’தான். அறிக்கையின் முதல் வரியில் ஒருமுறையாவது அதை எழுதிவிடுங்கள்.