ஆயிரம் வெள்ளி ஆப்ஷன் இன்றிரவே போடலாமா?

புதுவீடு_தேடி:
வணக்கம். ஈசூனில் ஒரு நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) மறுவிற்பனை வீடு எங்களுக்குப் பிடித்துவிட்டது. நாங்கள் இருவரும் சிங்கப்பூரர்கள், முதல் வீடு, எங்கள் பக்கம் ஏஜண்ட் இல்லை. விற்பவர் சீனக் குடும்பம். நல்ல வெளிச்சம், கீழேயே ஈரச்சந்தை, மனைவி திரைச்சீலைக்கு நிறம்கூட முடிவு செய்துவிட்டார். விற்பவருடைய ஏஜண்ட் மட்டும் விடாமல் நெருக்குகிறார், இன்னொரு ஆள் வரப்போகிறார், இன்றிரவே ஆயிரம் வெள்ளி (டாலர்) கொடுத்து ஆப்ஷன், அதாவது வீட்டை நமக்கென்று ஒதுக்கி வைக்கும் பத்திரம், வாங்கிவிடுங்கள் என்கிறார். குளியலறை சீலிங்கில் ஒரு மஞ்சள் கறை இருந்தது. கேட்டால், அது பழசு, காய்ந்துவிட்டது என்கிறார். போடலாமா?

கோப்பி_ஓ:
எச்எஃப்இ கடிதம், அதான் வீடு வாங்கத் தகுதி உண்டு என்று வீவக தரும் கடிதம், கையில் இருக்கிறதா? அது இல்லாமல் ஆப்ஷனே வாங்க முடியாது. இருந்தால் அடுத்தது இன ஒதுக்கீடு, அதாவது வீவக வீடுகளில் ஒவ்வோர் இனத்தாருக்கும் உள்ள உச்ச வரம்பு. இந்தியர், மற்றவர்களுக்கு புளோக்கில் 15 விழுக்காடு, வட்டாரத்தில் 12. இதில் எது நிரம்பியிருந்தாலும் சீனரிடமிருந்து நீங்கள் வாங்க முடியாது, எவ்வளவு விலை கொடுத்தாலும். வீவக தளத்தில் பார்க்கலாம், மாதாமாதம் 1ஆம் தேதி மாறும், அதனால் ஆப்ஷன் வாங்கும் அன்றும் பாருங்கள், விண்ணப்பம் அனுப்பும் அன்றும் பாருங்கள்.

அப்புறம் பலர் பார்க்காமல் விடுவது ஒன்று உண்டு. சீனர் ஒதுக்கீடு நிரம்பிய புளோக்கா என்றும் பாருங்கள். வாங்கும்போது அது உங்களைத் தடுக்காது. ஆனால் நாளைக்கு விற்கப் போகும்போதும் அப்படியே இருந்தால் இந்தியரான நீங்கள் சீனருக்கு விற்க முடியாது. வாங்க வருகிறவர்களில் பெரும்பகுதி போய்விட்டால் விலை எப்படி நிற்கும்?

தேக்கா_அக்கா:
தம்பி, பணத்துக்கு வருவோம். வீட்டின் மதிப்பு இவ்வளவு என்ற வீவக மதிப்பீடு ஆப்ஷன் வாங்கிய பிறகுதான் வரும். சேமநிதியோ வீவக கடனோ எடுப்பதானால் அடுத்த வேலை நாளுக்குள் மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். 620,000 என்று பேசி முடித்து, மதிப்பீடு 590,000 என்று வந்தால் அந்த 30,000 முழுக்க ரொக்கம், சேமநிதியும் கிடையாது, கடனும் கிடையாது. ஆகவே அந்த புளோக்கில் அண்மையில் என்ன விலைக்குப் போயிருக்கிறது என்று வீவக தளத்தில் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

ஆயிரம் என்பது உச்ச வரம்பு, ஒரு வெள்ளிக்கும் ஆப்ஷன் கொடுக்கலாம், பேசிப் பாருங்கள். 21 நாளுக்குள் வேண்டாம் என்று விட்டுவிட்டால் அந்தக் காசு போகும், அவ்வளவுதான். காசை ஏஜண்ட் கையில் மட்டும் கொடுக்காதீர்கள், அவர் வாங்கவே கூடாது. இன்னொன்று, விற்பவர் விற்கும் நோக்கத்தை வீவகவிடம் பதிவு செய்து 7 நாள் ஆன பிறகுதான் ஆப்ஷன் தர முடியும். என்றைக்குப் பதிந்தார் என்று கேட்டீர்களா?

பழைய_புளோக்:
கறைக்கு வருகிறேன். சீலிங்கில் அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தால்தான் எனக்கு இன்னும் சந்தேகம் வரும். ஸ்டூல் போட்டு ஏறி விரலால் அழுத்திப் பாருங்கள், ஈரமா, பெயின்ட் உப்பி உதிர்கிறதா, உள்ளே கம்பி துரு தெரிகிறதா. மேல்வீட்டுத் தரை ஒழுகினால் பழுதுபார்க்கும் பொறுப்பு மேல்வீட்டாருக்கும் கீழ்வீட்டாருக்கும் சேர்த்துத்தான். செலவில் ஒரு பங்கை வீவக ஏற்கும் திட்டம் இருக்கிறது, ஆனால் மேல்வீட்டுக்காரர் ஒத்துழைக்காவிட்டால் இழுவைதான். அந்த ஆள் எப்படிப்பட்டவர் என்று வாங்குவதற்கு முன்னாலேயே தெரிந்துகொள்வது நல்லது.

புதுவீடு_தேடி:
எல்லாருக்கும் நன்றி. எச்எஃப்இ இருக்கிறது. இந்தியர் ஒதுக்கீட்டில் இடம் இருக்கிறது, சீனர் ஒதுக்கீடும் நிரம்பவில்லை. அக்கா சொன்னபடி கேட்டேன், நேற்றுதான் பதிவே செய்தார்களாம்!

தேக்கா_அக்கா:
அப்போ இன்றிரவு என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்த ஏஜண்டுக்கும் அது தெரியும். சனிக்கிழமை மறுபடி போய்ப் பாருங்கள், விற்ற பிறகும் அவர்கள் தங்க வேண்டும் என்பார்களா என்றும் கேளுங்கள். மூன்று மாதம் வரை அனுமதி உண்டு, ஆனால் நீங்கள் சம்மதித்தால்தான்.

பழைய_புளோக்:
மேல்வீட்டில் ஆள் இருக்கிற நேரமாகப் போங்கள், அவர்கள் குளித்து முடித்த கையோடு பார்த்தால் இன்னும் நல்லது.